ஊர்க் கல்லூரிக்கு வந்த வானம்



சிறிய ஊர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வானியலில் தீராத ஆர்வம். ஆனால் அங்கே பெரிய தொலைநோக்கி இல்லை. சந்தேகம் வந்தால் கலந்து பேச இன்னொரு வானியலாளரும் இல்லை. அவருடைய ஆராய்ச்சி என்னாவது?

இந்தக் குறையைப் போக்க, பல்கலைக்கழக மானியக் குழு 1988-இல் புணேயில் ஏற்படுத்தியதுதான் ஐயூகா என்ற வானியல் மையம். அதன் முதல் இயக்குநர் வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர்.

இங்கே வருகைதரு ஆய்வாளராகத் தேர்வாகும் ஆசிரியர், மூன்று ஆண்டுக் காலத்தில் பலமுறை வந்து தங்கி ஆராய்ச்சி செய்யலாம். பயணச் செலவையும் தங்கும் செலவையும் மையமே ஏற்கிறது. நூலகமும் கணினி வசதியும் அவருக்குத் திறந்திருக்கும். புணேயிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கிராவலி மலைமேல் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் இந்த மையம் அமைத்திருக்கிறது.

மையத்துக்குள் ஒரு ஃபூக்கோ ஊசல் ஆடிக்கொண்டிருக்கிறது. நேரம் செல்லச் செல்ல அது ஆடும் திசை மெல்ல மாறும். பூமி சுழல்வதை நம் கண்ணுக்கே காட்டிவிடும்.

இதையெல்லாம் பார்த்துப் பழகிய ஆசிரியர் ஊர் திரும்பி வகுப்பில் நிற்கும்போது, பாடப்புத்தகத்துக்குள் இருந்த வானம் மாணவர்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒருவர் போய்வந்த பயணம், ஒரு வகுப்புக்கே வழி திறக்கிறது!