கையெழுத்துப் போட்டாலும் போகாத உரிமைகள்

பல நாள் அல்ட்ரா மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பவர்கள் பயிற்சிக்கு ஓர் ஆண்டைச் செலவிடுவார்கள். ஷூவுக்கும் முதுகுப்பைக்கும் மாதக்கணக்கில் தேடுவார்கள். பதிவின் கடைசிப் பக்கத்தில் வரும் பொறுப்புவிலக்குப் படிவத்துக்கு மட்டும் அரை நிமிடம் ஒதுக்க மாட்டார்கள். காயமோ மரணமோ நேர்ந்தால் அமைப்பாளர் பொறுப்பல்ல, நானோ என் வாரிசுகளோ இழப்பீடு கேட்க மாட்டோம் என்ற பொருளில் பத்தி பத்தியாக அதில் எழுதியிருக்கும். கீழே ஒரு சின்னக் கட்டம். டிக் போட்டால்தான் பணம் கட்டும் பக்கம் திறக்கும். டிக் போட்டாயிற்று, இனி என்ன ஆனாலும் வாய் திறக்க முடியாது என்று ஓடுபவரும் நம்பிவிடுகிறார், வீட்டாரும் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. அதனால் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஓட்டங்களில் இரண்டு வகை ஆபத்து உண்டு. வெயில், மணல், உயரம், குளிர் எல்லாம் முதல் வகை. அவற்றைத் தெரிந்தேதான் போகிறோம். கால் பிசகினால் யாரையும் குறைசொல்ல முடியாது. இரண்டாவது வகை, செய்ய வேண்டிய முன்னேற்பாட்டை அமைப்பாளர் செய்யாததால் வருவது. கையெழுத்து பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் பொருந்தும்.

மொராக்கோவின் தெற்கில், சஹாரா விளிம்பில் நடக்கும் மாரத்தான் தெ சாப்ல் இந்த வகை ஓட்டங்களில் மூத்தவற்றுள் ஒன்று. பாத்ரிக் பௌவேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1986இல் தொடங்கியது. ஏறத்தாழ 250 கிலோமீட்டரைப் பல ஸ்டேஜ்களாகப் பிரித்து ஓட வேண்டும். தண்ணீரும் கூடாரமும் அமைப்பாளர் தருவார். சாப்பாடு, படுக்கைப் பை, மருந்து எல்லாம் ஓடுபவர் முதுகில். நாளொன்றுக்குக் குறைந்தது 2,000 கலோரி உணவு இருக்க வேண்டும், பையின் எடை 6.5 முதல் 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. திசைகாட்டி, விசில், கண்ணாடி, விஷம் உறிஞ்சும் பம்ப், உயிர்காப்புப் போர்வை எல்லாம் கட்டாயம். புறப்படும் முன் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். அந்தப் பரிசோதனை எரிச்சலூட்டும். ஆனால் பை சோதனை எங்கே கறாராக நடக்கிறதோ அந்த ஓட்டத்தைத்தான் நம்பலாம் என்பது என் கருத்து.

1994இல் அங்கே ஓடிய இத்தாலியர் மௌரோ ப்ரோஸ்பெரி மணற்புயலில் வழி தவறினார். பென்டத்லான் வீரர் அவர். மேலே பறந்த ஹெலிகாப்டருக்குத் தீச்சுடர் விட்டுப் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை. ஆளில்லாத ஒரு சிறு தர்காவில் ஒதுங்கி, அங்கிருந்த வௌவால்களின் இரத்தத்தைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்துக்கும் மேலாகிக் கண்டுபிடிக்கப்பட்டபோது அவர் எல்லை தாண்டி அல்ஜீரியாவுக்குள் இருந்தார். எடையில் சுமார் 16 கிலோ குறைந்திருந்தது. இன்று ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டது. ஆனால் கருவி சிக்னல் அனுப்பினால் மட்டும் போதாது. மறுமுனையில் அதை யார் பார்க்கிறார், பார்த்தவர் யாரை அனுப்புவார், வந்துசேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதெல்லாம் பணம் கட்டும் முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 பதிப்பு வேறொரு பாடம். 2020 ஏப்ரலில் நடக்க வேண்டியது கொரோனாவால் மூன்று முறை தள்ளிப்போய், 2021 அக்டோபரில் நடந்தது. வெயில் 50 டிகிரியைத் தொட்டது. கூடவே கூடாரம் கூடாரமாக வாந்தியும் பேதியும் பரவியது. தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடிக்கவில்லை. இரண்டாம் நாள் மணல்மேடுகளில் ஒரு பிரெஞ்சு ஓட்டக்காரர் மாரடைத்து இறந்துபோனார். ஏப்ரல் பாலைவனமும் அக்டோபர் பாலைவனமும் ஒன்றல்ல. தேதி மாறிப் பருவமும் மாறினால் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா, அடுத்த ஆண்டுக்கு இலவசமாக மாற்றிக்கொள்ளலாமா என்பதை விதிமுறையில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வரியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

அலட்சியத்தின் விலையை அறிய ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 2011 செப்டம்பர் 2, கிம்பர்லி பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டம். பல நாள் பாலைவன ஓட்டங்களுக்குப் பெயர்பெற்ற ரேஸிங் த பிளானட் நிறுவனம்தான் அமைப்பாளர். காய்ந்த புல் நிறைந்த பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருந்தவர்களை நோக்கிக் காட்டுத்தீ வந்தது. தப்பிக்கச் சிலர் பாறைச் சரிவில் மேலே ஏறினார்கள். சமதரையைவிட மேட்டில் தீ வேகமாக ஏறும் என்பது அந்தக் கணத்தில் யாருக்கு நினைவு வரும்? டூரியா பிட் என்ற இளம் பொறியாளருக்கு உடலில் 65 சதவீதம் வெந்துபோனது. கேட் சாண்டர்சனுக்கும் கொடிய தீக்காயம். ஹெலிகாப்டர் வரும்வரை மணிக்கணக்கில் அந்தச் சரிவிலேயே கிடந்தார்கள்.

மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு விசாரித்து 2012இல் அறிக்கை தந்தது. ஆபத்துகளை அடையாளம் காணவும் குறைக்கவும் நியாயமாக எடுத்திருக்க வேண்டிய எல்லா நடவடிக்கைகளையும் அமைப்பாளர் எடுக்கவில்லை என்றது அந்த அறிக்கை. டூரியா பிட்டின் சட்டப் போராட்டம் 2014இல், தொகையை வெளியிடாத சமரசத்தில் முடிந்தது. கடினமான ஓட்டம் என்று தெரிந்தே போனவர் அவர். இழப்பீடு பெற அது தடையாகவில்லை.

நமக்கு இது தொலைதூரக் கதை இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிவிட்டு இறங்கியவர்களைச் சுற்றி வளைத்ததும் காய்ந்த புல்லில் பற்றிய தீதான். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன.

மாதக்கணக்கில் தள்ளிப்போனால்தான் என்றில்லை, மூன்று மணி நேரத்திலேயே வானிலை மாறக்கூடும் என்பதைச் சீனாவின் கான்சு மாகாணம் காட்டியது. 2021 மே 22, மஞ்சள் நதிக் கல்வனத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் காலையில் கிளம்பினார்கள். உச்சி நெருங்கும் இடத்தில் ஆலங்கட்டி, உறைமழை, சூறைக்காற்று. காற்று புகாத ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லாததால் பலர் அதை முன்னால் உள்ள செக்பாயின்ட்டுக்கு அனுப்பிவிட்டு, அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக ஓடினார்கள். ஆபத்து சூழ்ந்த அந்த ஏற்றத்துக்கு வண்டி போகாது. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். ச்சு கேமிங் என்ற ஆட்டிடையர் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரை இழுத்துக்கொண்டுபோய், தீ மூட்டிக் காப்பாற்றினார். ஜாக்கெட் பைக்குள் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை. விசாரணைக்குப் பிறகு 27 அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது.

ஆகவே பணம் கட்டும் முன் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்பது கணக்கில் வராது. ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, என்ன வெப்பநிலையில், என்ன காற்று வேகத்தில் நிறுத்துவீர்கள்? வண்டி போகாத பகுதி எத்தனை கிலோமீட்டர்? அங்கிருந்து ஆளைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? மருத்துவர்கள் எத்தனை பேர், மலக்குடல் வழியாக வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டரும் ஐஸ் தொட்டியும் உண்டா? மாவட்ட நிர்வாகம், வனத்துறை அனுமதி எண் என்ன? பதிலே வராத ஓட்டத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் அதுதான் சாட்சி.

ஐஸ் தொட்டி கேட்பதற்குக் காரணம் உண்டு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும். மருத்துவமனை வரை காத்திருந்தால் மூளையும் சிறுநீரகமும் பழுதாகும். இதற்கு நேர்மாறான ஆபத்து அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது. இரத்தத்தில் சோடியம் சரிந்து, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகும், வாந்தி வரும், புத்தி பேதலிக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் பரிவோடு இன்னொரு பாட்டில் தண்ணீர் கொடுத்தால் அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும்.

வலி மாத்திரை இன்னொரு கண்ணி. கால் வலிக்கு இப்யூப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவது சகஜமாகிவிட்டது. பல நாள் பாலைவன ஓட்டங்களில் ஒரு நீண்ட ஸ்டேஜில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் கொடுத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர், வெறும் மாவு மாத்திரை எடுத்தவர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் விகிதம் அதிகம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

லடாக்கில் 2010இல் தொடங்கிய லா அல்ட்ரா, கார்துங் லா கணவாய் வழியாகப் போகும். கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். 333 கிலோமீட்டர் பிரிவை 72 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் விமானத்திலிருந்து இறங்கியவுடனேயே மூச்சு வாங்கும். உடல் பழகுவதற்கு நாள் தராமல் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, நேர்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் தொட நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று தூங்க வைக்கக் கூடாது.

மருத்துவச் சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். தெரிந்த டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இசிஜி உண்மையிலேயே எடுங்கள். பொய்ச் சான்றிதழ் உங்கள் வழக்கையும் காப்பீட்டையும் ஒரே நாளில் அடித்துவிடும். சாதாரணப் பயணக் காப்பீடு போட்டி ஓட்டத்துக்கும் சாகசத்துக்கும் பெரும்பாலும் பொருந்தாது. உயர வரம்பும் இருக்கலாம். ஓட்டத்தின் பெயர், தூரம், உயரம் எழுதி, இதற்கு உண்டா, ஹெலிகாப்டர் மீட்புக்கும் உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே முறையிட்டு, ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு.

இனி சட்டம். பிரிட்டனில் அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பைக் கைகழுவும் நிபந்தனை 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே செல்லாது. ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்குச் சேவைகளில் விலக்கு ஓரளவு செல்லும். ஆபத்து என்று தெரிந்தும் பொருட்படுத்தாத அமைப்பாளருக்குச் செல்லாது. இந்தியாவில் அப்படிப் பளிச்சென்ற ஒரு வரி இல்லை. ஆனாலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கூர்மையானது. கட்டணம் வாங்கியதுமே அமைப்பாளர் சேவை தருபவர், நீங்கள் நுகர்வோர். காயம் விளைவிக்கும் அலட்சியமும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சட்டத்தில் சேவைக் குறைபாடுதான். வானிலை எச்சரிக்கையைத் தெரிந்தும் சொல்லாமல் விட்டவர் இதில் மாட்டுவார்.

ஓட்டம் லடாக்கில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். எந்த ஆணையம் என்பதை, கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிட மாட்டார்கள்; கட்டிய கட்டணத்தை வைத்துத்தான். அது ஐந்து லட்ச ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணமே இல்லை. ஓடியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தொடுக்கலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கச் சொல்வதானால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் காவல் துறையிடம் புகார் தரும் வழியும் உண்டு. என்ன நிபந்தனையில் அனுமதி தந்தீர்கள் என்று மாவட்ட நிர்வாகத்திடம் பத்து ரூபாயில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். அந்தத் தாளில் இருக்கும் நிபந்தனைகளில் எது மீறப்பட்டது என்று தெரிந்தாலே வழக்கு பாதி எழுந்துவிடும்.

வெளிநாட்டு ஓட்டத்தில் சிக்கல் கூடும். எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்று படிவத்திலேயே எழுதியிருப்பார்கள். இங்கே முகவர் மூலம் இடம் வாங்கியிருந்தால் அவரையும் புகாரில் சேருங்கள். வெளிநாட்டில் விபத்து என்றால் இந்தியத் தூதரகத்தையும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தையும் வீட்டார் உடனே அணுக வேண்டும். அந்த முகவரிகளைக் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சம்பவம் நடந்த வாரத்திலேயே விதிமுறைக் கோப்பைப் பதிவிறக்கி வையுங்கள், பின்னால் அது இணையத்தில் திருத்தப்படலாம். வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்புகளின் ஸ்க்ரீன்ஷாட், ஜிபிஎஸ் பதிவு, மருத்துவக் கூடாரத்தில் எழுதிய குறிப்பின் நகல், உடன் ஓடியவர்களின் எண்கள் ஆகியவற்றையும் சேருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.