மலம் சொல்லும் சேதி

ஒரு வயதுக் குழந்தை. முதலில் வாந்தி எடுத்தது. பிறகு காய்ச்சல் வந்தது. அடுத்து தண்ணீர் தண்ணீராகப் பேதி ஆனது. கண் குழிந்துவிட்டது. நாக்கு வறண்டுவிட்டது. தாய் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தாள்.

நர்ஸ் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்கினார். பிறகு ஒரு சிறிய டப்பாவை நீட்டினார்.

"குழந்தை வெளிக்குப் போனால் இதில் கொஞ்சம் எடுத்துக் கொடும்மா" என்றார்.

தாய் முகம் சுளித்தாள். "இது எதற்கு சிஸ்டர்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி.

பேதி ஏன் வருகிறது?

பல் முளைப்பதால் பேதி வருவதில்லை. கண் பட்டதாலும் வருவதில்லை. பெரும்பாலும் கிருமிகளால்தான் வருகிறது. அவற்றில் ஒன்று ரோட்டா வைரஸ். அது சிறுகுடலின் உள்பக்கத்தைத் தாக்கும். அப்போது குடலால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடும். குழந்தையின் உயிருக்கு ஆபத்து அதனால்தான்.

வைரஸைக் கண்டுபிடித்த கதை

இந்த வைரஸ் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அது கண்ணில் பட்டது. ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் அதைப் பார்த்தார்கள். பேதி வந்த குழந்தைகளின் குடலுக்குள் மெல்லிய குழாயை விட்டார்கள். துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள்.

வைரஸ் வண்டிச் சக்கரம் போல் இருந்தது. 'ரோட்டா' என்றால் லத்தீன் மொழியில் சக்கரம்.

சீக்கிரமே இன்னொன்றும் தெரிந்தது. அதே வைரஸ் மலத்திலும் இருந்தது. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் இருந்தது! அப்படியானால் குழாய் எதற்கு? சதையைக் கிள்ளுவது எதற்கு? ஊசி குத்தாமல், வலி இல்லாமல் நோயை அறிய வழி பிறந்தது.

சோதனை எப்படி நடக்கிறது?

மலத்தை ஒரு திரவத்தில் கரைப்பார்கள். சில சொட்டுகளைச் சோதனை அட்டையில் விடுவார்கள். ஒரு கோடு தெரிந்தால் அட்டை சரியாக வேலை செய்கிறது. இரண்டாவது கோடும் தெரிந்தால் வைரஸ் இருக்கிறது.

மலம் எடுக்கும்போது கவனம் தேவை:

- டப்பா சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். அதில் பினாயில், சோப்பு படக்கூடாது.
- மலத்தில் சிறுநீர் கலக்கக்கூடாது.
- மூடியை இறுக்கி மூடி, தாமதிக்காமல் கொடுக்க வேண்டும்.
- பிறகு கைகளை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

எல்லாப் பேதிக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. டாக்டர் சொன்னால் செய்தால் போதும். ஆனால் முடிவு வரட்டும் என்று கரைசல் கொடுக்காமல் இருக்கக்கூடாது.

நாட்டுக்கும் பயன்

2005 முதல் நம் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். பேதியால் சேர்க்கப்பட்ட 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், 100க்கு சுமார் 40 பேருக்கு ரோட்டா வைரஸ் இருந்தது.

அதற்கு முன்பே, 1980களில், டில்லியில் ஓர் அதிசயம் தெரிந்தது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பிறந்த சில குழந்தைகளின் மலத்தில் இந்த வைரஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பேதி இல்லை! டாக்டர் எம்.கே. பான் குழுவினர் அந்த வைரஸை ஆராய்ந்தார்கள். அதிலிருந்துதான் 'ரோட்டாவேக்' சொட்டு மருந்து பிறந்தது. 2016 முதல் ரோட்டா தடுப்பு மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படுகிறது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கிறார்கள்.

அந்தத் தாய் என்ன செய்தாள்?

டப்பாவில் மலத்தை எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

"இது வைரஸ். ஆன்டிபயாடிக் மருந்து இதைக் கொல்லாது. அதற்குக் காசைச் செலவழிக்காதே. கரைசலை விடாமல் கொடு. தாய்ப்பாலை நிறுத்தாதே. துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடு" என்றார் டாக்டர்.

தாய் தம்ளரை எடுத்தாள். ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டினாள். சாயங்காலம் குழந்தை சிறுநீர் கழித்தது. உடம்பில் நீர் ஏறிவிட்டது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.