அளவு கேட்டு வந்தாள்!

கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும் சகோதரிகளில் ஒருவருக்குப் பயன்பட்டாலும் போதும்.

ஐந்து வருஷத்துக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, வலது பக்கம் முழுவதையும் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற அன்றுதான் அடுத்த கவலை ஆரம்பித்தது.

பழைய வேஷ்டித் துணியில் பஞ்சு வைத்துத் தைத்து, உள்ளே வைத்துக்கொண்டேன். கனமில்லாத துணி வைத்த இடத்தில் நிற்குமா? கையைத் தூக்கினால் மேலே ஏறிவிடும். நாத்தனார் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறக் குனிந்தபோது நழுவி, வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அறைக்குள் போனவள், தாலி கட்டும்போதுகூட வெளியே வரவில்லை. அதற்கப்புறம் விசேஷம் என்றாலே ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரரிடம்கூட உண்மைக் காரணத்தைச் சொன்னதில்லை.

போன வருஷம் என் தங்கை மகள் வந்தாள். பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது" என்று இழுத்தாள். மார்பகத்தை இழந்தவர்களுக்கு அவரவர் அளவுக்கே செயற்கை மார்பகம் செய்து பார்ப்பதுதான் அவளும் தோழிகளும் எடுத்துக்கொண்ட புராஜெக்டாம். "இப்ப என்ன வெச்சுக்கறீங்க? எங்க உறுத்துது? எப்ப நழுவுது?" என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள், 21 வயசுப் பெண்!

இது அழகுக்கு மட்டுமான விஷயம் இல்லை என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் வெறுமை என்றால் நம்மை அறியாமலே உடம்பு சாயுமாம். தோள், கழுத்து, முதுகு வலிக்க அதுவும் ஒரு காரணமாம். நானோ வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

கடைகளில் சிலிக்கானில் செய்து விற்கிறார்கள். நான் விசாரித்தபோது விலை பல ஆயிரம் சொன்னார்கள். அதுவும் குறிப்பிட்ட அளவுகளில்தான். தழும்பு எல்லோருக்கும் ஒரே மாதிரியா இருக்கிறது? எனக்கு அக்குள் பக்கம் ஒரு குழி உண்டு.

என் தங்கை மகள் கதவைச் சாத்திவிட்டு, கையடக்கமான ஒரு ஸ்கேனரை, டார்ச் லைட் அடிப்பது போல, உடம்பில் படாமல் சுற்றிக் காட்டினாள். கம்ப்யூட்டரில் என் இடது பக்கம் அப்படியே வந்தது. அதைக் கண்ணாடியில் தெரிவது போல் வலதாகத் திருப்பினாள். பின்புறத்தைத் தழும்பின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமைத்தார்கள். அதற்கு 3டி பிரிண்டரில் அச்சு செய்து, சிலிக்கானை ஊற்றி எடுத்தார்கள்.

முதலில் வந்தது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கனம், வியர்வை வேறு. "சித்திரை வெயிலில் அடுப்படியில் நின்னு பாருடி, தெரியும்" என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்! இரண்டாவதில் உள்ளே தேன்கூடு மாதிரி இடைவெளி விட்டுக் கனத்தைக் குறைத்தார்கள். உள்பாடியில் பருத்தித் துணியால் பை வைத்து, அதற்குள் செருகும் யோசனை என்னுடையது. வியர்வை இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் நழுவுவதில்லை.

பேச்சுவாக்கில் அவள் சொன்ன ஒரு தகவல் என்னை ஆச்சரியப்படுத்தியது. நம் குழந்தைகள் விளையாடும் பார்பி பொம்மையை 1959ல் கொண்டுவந்த அமெரிக்கப் பெண்மணி ரூத் ஹேண்ட்லருக்கும் 1970ல் இதே நோய் வந்து, ஆபரேஷன் நடந்ததாம். அன்று கடையில் கிடைத்தது எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. தானே முனைந்து, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாகச் செயற்கை மார்பகம் செய்து விற்கத் தொடங்கினார். அதிபராக இருந்த ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டும் அதை வாங்கிக்கொண்டவராம். வேதனையை அனுபவித்தவளுக்குத்தானே எங்கே உறுத்தும் என்று தெரியும்!

சிலிக்கானுக்கு வசதியில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம். மெல்லிய பருத்தி நூலில் பின்னி, உள்ளே செயற்கைப் பஞ்சு அடைத்துச் செய்வதும் உண்டு. கனமே தெரியாது, துவைத்துக் கொள்ளலாம். இதைப் பின்னி இலவசமாகத் தரும் பெண்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். ஊசிநூல் வேலை தெரிந்த சகோதரிகள் முறையைக் கற்றுக்கொண்டு, நாலு பேருக்குப் பின்னித் தரலாமே! ஆனால் எதை வைப்பதானாலும் புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே வைக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு இதைப் பற்றி டாக்டரிடமோ நர்ஸிடமோ வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால் வீணானது நாலு வருஷம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், "எப்படி இருக்கே?" என்பதோடு நிறுத்தாமல், "என்ன வெச்சுக்கறே, வசதியா இருக்கா?" என்று தனியே அழைத்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

போன மாசம் அதே நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. கடைசிப் பந்தி வரை நான்தான் பரிமாறினேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.