எரிமலைகளின் வழியே கிழக்கு ஜாவா

இந்தோனேசியாவின் ஜாவா தீவைத் தரைவழியாகச் சுற்றுபவர்கள் பலர் யோக்யகார்த்தாவில் கிளம்பி, 9ஆம் நூற்றாண்டு பிரம்பானான் சிவன் கோயிலைத் தரிசித்துவிட்டுக் கிழக்கே போவார்கள். வழியில் புரோமோ, 2,329 மீட்டர் உயர எரிமலை. கசாடா திருவிழாவில் தெங்கர் மக்கள் காய்கறிகளையும் கோழிகளையும் அதன் வாய்க்குள் காணிக்கையாக வீசுவார்கள்.

அடுத்தது இஜென் எரிமலை. நள்ளிரவு தாண்டியதும் மலையேற வேண்டும். அங்கே எரியும் கந்தக வாயுவின் நீலச் சுடர் இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். விடிந்தால், பச்சை நிற அமில ஏரி. அதன் கரையில், குழாய்களிலிருந்து செந்நிறமாக ஒழுகும் கந்தகம் ஆறியதும் மஞ்சள் பாளமாக இறுகுகிறது. அதைக் கம்பியால் உடைத்து, இரண்டு மூங்கில் கூடைகளில் நிரப்பி, 70 கிலோவுக்கும் மேல் தோளில் சுமந்து செங்குத்தாக ஏறுகிறார்கள் தொழிலாளர்கள். காவடித்தண்டு அழுத்தி அழுத்தித் தோள் காய்த்துப்போயிருக்கும். ஒற்றையடிப் பாதையில் அவர்கள் எதிரே வந்தால் தயவுசெய்து ஒதுங்கி வழிவிடுங்கள். படம் எடுப்பது பிறகு.

கீழே இறங்கினால் கெதாபாங் துறைமுகம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் பாலி. இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.