உங்களுக்குத் தெரியுமா? பல்லியம் என்றொரு போர்வை

‘பல்லியம்’ என்றதும் பல வாத்தியங்கள் சேர்ந்த நம் ‘பல் இயம்’ நினைவுக்கு வரலாம். அது வேறு. லத்தீன் பல்லியம் தையலே இல்லாத ஒரு நீள்சதுரத் துணி. தோளில் போட்டு உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்வது.

ரோமக் குடிமகனுக்கு டோகா, கிரேக்கனுக்குப் பல்லியம். நாடகத்துக்கே உடையை வைத்துத்தான் பெயர். கிரேக்க வேடத்தில் ஆடும் நகைச்சுவை நாடகம் ‘பல்லியாட்டா’, ரோம வேடத்தில் ஆடுவது ‘டோகாட்டா’. ரோம நாடகாசிரியர்கள் பிளாட்டஸ், டெரன்ஸ் இருவரும் எழுதி இன்று முழுதாகக் கிடைப்பவை எல்லாம் பல்லியாட்டாதான்.

கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் டோகாவைக் கழற்றிவிட்டு, தத்துவவாதிகளின் உடையான பல்லியத்துக்கு மாறினார். மாறியது ஏன் என்று விளக்க ஒரு நூலே எழுதினார்: ‘டி பல்லியோ’. டோகாவுக்கு மடிப்பு எடுப்பது எத்தனை பெரிய பாடு என்ற புலம்பலும் அதில் உண்டு. பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைத்தவர்களுக்குப் புரியும்.

அந்தப் பெரிய போர்வை சுருங்கிச் சுருங்கி, கத்தோலிக்கத் திருச்சபையில் கழுத்தைச் சுற்றிய வெள்ளைக் கம்பளிப் பட்டையாகிவிட்டது. அதில் ஆறு கறுப்புச் சிலுவைகள். ஜனவரி 21, புனித ஆக்னஸ் திருநாளில் ஆட்டுக்குட்டிகளை மந்திரிப்பார்கள். பல்லியத்துக்கான கம்பளி அவற்றிலிருந்துதான். சென்னை–மயிலை, மதுரை பேராயர்களுக்கும் இந்தப் பட்டை உண்டு.

போர்த்து மூடுவதற்கு லத்தீனில் ‘பல்லியாரே’. அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘பாலியேட்’ என்ற சொல், குற்றத்தைப் பூசி மெழுகுவதையும் குறித்தது. நோயை வேரோடு எடுக்காமல் அதன் கொடுமையை மட்டும் அடக்கி வைப்பதையும் குறித்தது. ஆக, அவ்வளவு மரியாதையான சொல் அல்ல. மரியாதை தேடித் தந்தவர் கனடாவின் பால்ஃபர் மவுண்ட். மான்ட்ரியல் ராயல் விக்டோரியா மருத்துவமனையில், இறுதி நாள்களில் இருப்பவர்களுக்காக 1975இல் அவர் ஒரு பிரிவைத் தொடங்கினார். லண்டனில் இத்தகைய இடத்துக்கு ‘ஹாஸ்பிஸ்’ என்று பெயர். பிரெஞ்சு பேசும் மான்ட்ரியலிலோ அந்தச் சொல்லுக்கு நாதியற்றவர்களின் விடுதி என்ற வாடை அடித்தது. எனவே ‘பாலியேட்டிவ் கேர்’ என்று வைத்தார். திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய அமைப்புக்கோ போர்வையே பெயர்: ‘பல்லியம் இந்தியா’. தமிழில் நாம் ‘நோய்த்தணிப்பு’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் போர்த்திவிடும் கை அதில் தெரியவில்லை.

மூளையின் மேலடுக்குக்கும் பல்லியம் என்றே பெயர். பறவைக்கு அது அற்பம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2004இல் பறவை மூளையின் பாகங்களுக்குப் புதுப் பெயர்கள் சூட்டியபோது, பெருமூளையில் பெரும்பகுதி பல்லியமே என்று ஒப்புக்கொண்டார்கள். காக்கைக்குச் சோறு வைப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

சிப்பிக்குள் இருக்கும் மெல்லிய தோலும் பல்லியமே. ஓட்டைச் சுரப்பது அது. முத்தை உண்டாக்குவதும் அதுதான். முத்து வளர்ப்பில் ஒரு சிப்பியின் பல்லியத்தில் துணுக்கு வெட்டி, உருண்டையான கருவோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைக்கிறார்கள். கடற்கரையில் மட்டி ஓடு கிடைத்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று உள்ளே, அதே வளைவில் ஒரு கோடு ஓடும். போர்வை ஒட்டியிருந்த தழும்பு அது.