ஊசி போட்ட பிறகு மூட்டு ஏன் வலிக்கிறது?

1928 ஜனவரி 27. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கரும்புக்குப் பேர் போன பண்டபெர்க் நகரில் 21 குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடப்பட்டது. அன்றிரவே வாந்தி, கடும் காய்ச்சல், வலிப்பு. 18 குழந்தைகள் படுத்துவிட்டார்கள். ஓரிரு நாளில் 12 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சார்ல்ஸ் கெல்லவே தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மேக்ஃபார்லேன் பர்னெட் மருந்துக் குப்பியைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தார். ரப்பர் மூடி போட்ட ஒரே குப்பியிலிருந்து பல நாட்கள் மருந்து எடுத்திருந்தார்கள். கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. உள்ளே புகுந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி கோடை வெப்பத்தில் பெருகிவிட்டது. பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் குப்பிகளில் போதிய கிருமித்தடுப்புப் பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று ஆணையம் சொன்னது.

மூட்டுக்குள் சீழ் பிடிப்பதற்கும் பெரும்பாலும் இதே கிருமிதான் காரணம். இன்று ஒரு முறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் இந்திய அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் வந்துவிட்டன. கரைத்து வைத்த பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), தட்டம்மை–ருபெல்லா குப்பிகளை நான்கு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அதனால் தடுப்பூசிக்குப் பின் மூட்டில் சீழ் கட்டுவது மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளின் கதையாக எழுதப்படும் அளவுக்கு அரிதாகிவிட்டது.

ஆனால் மூட்டு வலிக்க வெளியிலிருந்து கிருமி வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. தடுப்பூசியில் இருக்கும் உயிருள்ள கிருமியே காரணமாகலாம். ஊசி இறங்கிய இடமும் காரணமாகலாம். எது காரணம் என்று பிரித்துக் கண்டுபிடித்தபோதெல்லாம் மருந்தோ, அதைப் போடும் முறையோ மாறியிருக்கிறது.

ருபெல்லாவை எடுத்துக்கொள்வோம். 1964–65இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவால் சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அவசரம் புரிகிறது, 1969இல் முதல் தடுப்பூசிகளுக்கு உரிமம் கிடைத்தது. ஊசி போட்ட சில வாரங்களில் மருத்துவர்களிடம் விசித்திரமான தொல்லையோடு குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். காலையில் எழுந்ததும் முழங்காலை நீட்ட முடியவில்லை, மடிப்பில் வலி, பாதி குந்திய நிலையிலேயே நடந்தார்கள். சிலருக்குக் கையும் மணிக்கட்டும் இரவில் வலித்தன. நாய்ச் சிறுநீரகச் செல்லில் வளர்த்த வகையில் மூட்டுத் தொல்லை அதிகம் என்று தெரிந்ததும் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஸ்டான்லி ப்ளாட்கின் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் உருவாக்கிய ஆர்ஏ 27/3 என்ற வகை 1979இல் அமெரிக்காவில் மற்ற வகைகளின் இடத்துக்கு வந்தது. இன்று உலகில் பெரும்பாலான நாடுகள் போடுவது இதைத்தான்.

அதிலும் மூட்டு வலி முழுதாக ஒழியவில்லை. பலவீனமாக்கப்பட்டாலும் அது உயிருள்ள வைரஸ். மூட்டுச் சவ்வில் வளரக் கூடியது. ஏற்கெனவே ருபெல்லா எதிர்ப்பு இல்லாத வயது வந்த பெண்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஊசி போட்ட ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் விரல், மணிக்கட்டு, முழங்கால் வலிக்கிறது. பத்தில் ஒருவருக்கு வீக்கமும் தெரியும். பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் மூன்று வாரத்தில் போய்விடும். ருபெல்லா நோயே வந்தால் வயது வந்த பெண்களில் 70 சதவீதம் பேர் வரை மூட்டு வலியால் அவதிப்படுவார்கள். நாள்பட்ட மூட்டு அழற்சியைத் தடுப்பூசி உண்டாக்குமா என்ற கேள்விக்கு, முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2012 அறிக்கை.

சிறு பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பிசிஜியின் கதை மெதுவானது. பிறந்த குழந்தையின் இடது மேல்கையில் தோலுக்குள் 0.05 மில்லி லிட்டர் போடும் அந்த மருந்தில் பலவீனமான மாட்டுக் காசநோய்க் கிருமி உயிரோடு இருக்கிறது. மிக அரிதாக அது இரத்தத்தின் வழியே எலும்புக்குப் போய்த் தங்கிவிடும். மாதங்கள், சில நேரம் ஓரிரு வருடம் கழித்துக் குழந்தை நொண்டத் தொடங்கும். முழங்கால் அருகே வீங்கும். பிறந்தபோது போட்ட ஊசியை அப்போது யார் நினைப்பார்கள்? 1970களில் ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் இத்தகைய குழந்தைகள் கூடியபோது ‘கோத்தன்பர்க்’ வகை மீது சந்தேகம் விழுந்தது. காசநோய் வெகுவாகக் குறைந்திருந்த ஸ்வீடன் 1975இல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதை நிறுத்தியது. ஃபின்லாந்து வகையை மாற்றியது. காசநோய்ச் சுமை பெரிதாக உள்ள இந்தியாவில் கணக்கு வேறு. 1948இல் சென்னை கிண்டியில் பிசிஜி ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்து தேவை குறையவே இல்லை. இந்த எலும்புத் தொற்றுக்குக் காசநோய் மாத்திரைகளே மருந்து. ஆனால் வழக்கமான மாத்திரைகளில் ஒன்றான பைராசினமைடு பிசிஜி கிருமியிடம் எடுபடாது.

மூன்றாவது வகையில் சிக்கல் ஊசி இறங்கிய இடத்தில். 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஊசி போட்ட ஒரு நாளுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் தோள் வலி, பிறகு கையைத் தூக்க முடியாத நிலை. ஊசி புஜத் தசையில் இறங்காமல் மேலே, தோள் மூட்டை ஒட்டிய திரவப் பைக்குள் போயிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். 2017இல் அமெரிக்கா இதைத் தடுப்பூசிப் பாதிப்புக்கான இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது; 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே போட்டால் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சட்டைக் காலரை இழுத்துத் தோளை மட்டும் காட்டுவது ஆபத்து. கை முழுதும் தெரிய வேண்டும்.

புதிய உதாரணம் சிக்குன்குனியா. மூட்டை முறுக்கிப் போடும் அந்த நோய்க்கு, ரீயூனியன் தீவில் பரவிய வைரஸ் வகையைப் பலவீனமாக்கிச் செய்த ‘இக்ஸ்சிக்’ தடுப்பூசிக்கு 2023 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. 2025இல் அதே தீவில் நோய் மீண்டும் பரவ, முதியவர்களுக்குப் போடப்பட்டது. சிலருக்குச் சிக்குன்குனியா போன்றே கடும் நோய் வந்தது, மரணமும் நேர்ந்தது. ஏப்ரலில் பிரான்ஸ் 65 வயதைக் கடந்தவர்களுக்கு நிறுத்தியது. ஆகஸ்டில் அமெரிக்கா உரிமத்தையே இடைநிறுத்தியது.

வீட்டில் எப்படிப் பிரித்தறிவது? பல மூட்டுகள் லேசாக வலித்து, காய்ச்சல் இல்லாமல் நாளுக்கு நாள் குறைந்தால் பதற வேண்டியதில்லை. ஒரே மூட்டு சிவந்து, சூடாகி, அசைக்கவே முடியாமல், காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள், தாமதித்தால் குருத்தெலும்பு அழிந்துவிடும். தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டு போகலாம். எந்த ஊசி, எந்தத் தேதி, எந்தக் கை என்று கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சொன்னால், அது மாவட்ட அளவிலான விசாரணைக் குழுவுக்குப் போகும்.