வீட்டிலிருந்தே இசை சிகிச்சை முதுநிலைப் பட்டம்: எதுவரை முடியும்?

வேலையை விடாமல், ஊரை விட்டுக் கிளம்பாமல், அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இசை சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் வாங்க முடியுமா? முடியும். அந்தப் பட்டம் வந்ததும் இசை சிகிச்சையாளர் ஆகிவிடலாமா? பெரும்பாலும் முடியாது. விளம்பரங்கள் முதல் பதிலைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. இரண்டாவது பதில், சேர்க்கைத் தகுதி என்ற தலைப்பின் கீழே எங்கோ இருக்கும். பாட்டு படித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் வாசிக்க வேண்டிய பகுதி அதுதான்.

இசை சிகிச்சை என்றதும் மனதுக்கு இதமான பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வது என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. தொழில்முறையில் நடப்பது வேறு. 2011 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார். குண்டு மூளையின் இடப்பக்கத்தைத் துளைத்ததால் பேச்சு போயிற்று. பேச முடியாதவரால் பாட்டின் சொற்களைப் பாட முடிந்தது. ஹூஸ்டன் மறுவாழ்வு மருத்துவமனையில் அவருக்குப் பேச்சு திரும்பியதில் இசை சிகிச்சைக்குப் பங்கு உண்டு. பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். பாடும்போது வலப்பக்கமும் கூடவே வேலை செய்கிறது. இதை வைத்து 1973இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். 'தண்ணி வேணும்' போன்ற அன்றாடச் சொற்றொடரை மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம் என்று இழுத்துப் பாட வைப்பார்கள். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டிக் கொடுப்பார்கள். சொல் நிலைத்த பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிடுவார்கள். வெறும் பேச்சு மிஞ்சும்.

மெட்டை எப்போது உருவுவது? சீக்கிரம் எடுத்தால் சொல் சரிந்துவிடும், தாமதித்தால் நோயாளி பாட்டிலேயே நின்றுவிடுவார். இந்தக் கணிப்பு பாடப்புத்தகத்தில் கிடைக்காது. நோயாளியின் எதிரே உட்கார்ந்து, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தத் திருத்தத்தான் படியும். தொலைநிலைக் கல்வியின் எல்லையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இது பழைய படிப்பு. 1944இல் மிச்சிகன் ஸ்டேட் கல்லூரியிலும் இரண்டு ஆண்டுகள் கழித்து கேன்சஸ் பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் உடலும் மனமும் நொறுங்கித் திரும்பிய வீரர்களால் மருத்துவமனைகள் நிரம்பிய காலம் அது. இன்றைய அமெரிக்க இசை சிகிச்சைச் சங்கம், இரண்டு பழைய சங்கங்கள் 1998இல் இணைந்து உருவானது. சான்றிதழ் தருவது தனி வாரியம். 1983 முதல் இயங்குகிறது. சங்கம் ஏற்ற படிப்பை முடித்து, குறைந்தது 1200 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற்று, அதன் பிறகு வாரியத் தேர்வில் தேறினால்தான் பெயருக்குப் பின்னால் எம்டி-பிசி (வாரியச் சான்று பெற்ற இசை சிகிச்சையாளர்) என்று போட்டுக்கொள்ளலாம். 1200 மணியில் 900க்குக் குறையாமல் இன்டர்ன்ஷிப்பிலும், 180க்குக் குறையாமல் அதற்கு முந்தைய களப்பயிற்சியிலும் கழிய வேண்டும். வாரம் 40 மணி வீதம் பார்த்தாலும் இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும்.

இந்தத் தகுதியை அங்கே இளநிலைப் பட்டத்தோடேயே பெறலாம் என்பது முக்கியமான விவரம். தொலைநிலை முதுநிலைப் படிப்பு பிறந்ததற்கே அதுதான் காரணம். இளநிலை முடித்துத் தேர்வெழுதி, முதியோர் இல்லத்திலோ மனநல மருத்துவமனையிலோ வேலைக்குப் போய்விட்டவர்கள், வேலையிலிருந்தபடியே அடுத்த பட்டம் வாங்க வழி கேட்டார்கள். கல்லூரிகள் அவர்களுக்காக இணையவழிப் படிப்பை வடிவமைத்தன. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 'இசை சிகிச்சையாளர்' என்ற பட்டப்பெயரே சட்டப் பாதுகாப்பு பெற்றது. பதிவு செய்யாதவர் அதைப் பயன்படுத்தினால் குற்றம். தொழிலுக்குள் நுழையவே முதுநிலைப் பட்டம் தேவை. எனவே அங்கே முதுநிலை என்பதே களப்பயிற்சி நிறைந்த அடிப்படைப் படிப்பு.

கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இணையவழி முதுநிலைப் படிப்பைப் பாருங்கள். தாளத்தைக் கேட்கவைத்து, பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் வந்தவர்களின் நடையைச் சீராக்கும் முறையை மைக்கேல் தௌட் வளர்த்தெடுத்த இடம் அது. பெர்க்லீ இசைக் கல்லூரியும் இணையத்தில் முதுநிலைப் பட்டம் தருகிறது. இரண்டுமே அடிப்படைப் பயிற்சி முடித்துத் தொழிலில் இருப்பவர்களை மனதில் வைத்து அமைந்தவை. இண்டியானா மாநிலத்தில் டெரி ஹோட் நகருக்கு அருகில் உள்ள செயின்ட் மேரி-ஆஃப்-த-வுட்ஸ் கல்லூரிக்குத் தனிக் கதை உண்டு. 1840இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய இந்தக் கல்லூரி, குடும்பத்தையும் வேலையையும் விட்டு வர முடியாத பெண்களுக்காக 1973லேயே வீட்டிலிருந்து படிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பு, தபாலையும் தொலைபேசியையும் நம்பி நடந்த கல்வி அது. அதன் இசை சிகிச்சை முதுநிலைப் படிப்பில் இன்றும் சில நாட்கள் வளாகத்துக்கு வந்து தங்கியாக வேண்டும், மீதி வீட்டிலிருந்து.

இசையில் வேறு பட்டம் பெற்றவர்களுக்கு 'ஈக்விவலன்ஸி' என்றொரு வழி இருக்கிறது. இசை சிகிச்சைப் பாடங்களையும் களப்பயிற்சியையும் முதலில் முடித்துக்கொண்டு, முதுநிலைப் பாடங்களைத் தொடரலாம். நம் ஊர் இசைப் பட்டதாரிகளுக்குப் பொருந்தக்கூடியது இதுதான். சிக்கலும் இதில்தான், ஏனென்றால் களப்பயிற்சியைத் திரையில் முடிக்க முடியாது.

திரையில் எதைப் படிக்கலாம்? ஆராய்ச்சி முறைகள், உளவியல், நரம்பியல் அடிப்படைகள், தொழில் நெறி எல்லாவற்றையும் நன்றாகவே படிக்கலாம். வளாகத்தில் படிப்பவர்களைவிட திரையில் படிப்பவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருடம் நோயாளிகளோடு இருந்தவர், ஆராய்ச்சிக் கட்டுரையை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து வாசிக்கும்போது கேட்கும் கேள்விகள் கூர்மையாகவே இருக்கும். சேர்ந்து இசைப்பதுதான் திரையில் நடக்காது. இருவர் தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிக்க, ஒலி போய்ச் சேரும் தாமதம் சுமார் 25 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். வழக்கமான வீடியோ அழைப்பில் அதைப் போல் பல மடங்கு ஆகிவிடும். பேச்சுக்காக உருவான மென்பொருள்கள், நீட்டி ஒலிக்கும் தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து அழுத்தியும் விடுகின்றன. கொரோனா காலத்தில் ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுத்தவர்களைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

ஆகவே மாணவர்கள் தங்கள் ஊரிலேயே மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம் என்று இடம் பிடித்து, தகுதியுள்ள மேற்பார்வையாளரின் கீழ் பயிற்சி பெற வேண்டும். நோயாளியோ குடும்பத்தாரோ எழுத்தில் சம்மதித்த பிறகே அமர்வைப் பதிவு செய்யலாம். பேராசிரியர் அதைப் பார்த்துக் குறை சொல்வார். அமெரிக்காவில் நோயாளி விவரங்களைக் காக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால் இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம். கோவையிலோ மதுரையிலோ இருந்து சேர்பவர், அமெரிக்கச் சங்கம் ஏற்கும் மேற்பார்வையாளருக்கு எங்கே போவார்? இன்டர்ன்ஷிப்பை அமெரிக்காவிலேயே முடிக்கலாம் என்றால் விசா குறுக்கே நிற்கும். முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா கிடையாது. அந்த விசாவில் இருப்பவருக்குக்கூட, ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும்.

இன்னொன்று, கிட்டார். அங்கே பாட்டு, பியானோ, கிட்டார், தாளவாத்தியம் நான்கிலும் நோயாளியோடு சேர்ந்து இசைக்கும் அளவுக்காவது தேர்ச்சி கேட்பார்கள். பதினைந்து வருடம் கர்நாடக இசை கற்று, கல்பனாஸ்வரம் சரளமாகப் பாடுபவருக்கும் கோர்டு புதிது, ஏனென்றால் நம் முறையில் ஒத்திசைவு என்ற அடுக்கே இல்லை. அதை ஒரு வருடத்தில் கற்றுவிடலாம். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

இந்தியாவில் இசை சிகிச்சையாளருக்கென்று தனி கவுன்சில் கிடையாது. அதனால் ஆறு வாரச் சான்றிதழ், இந்த நோய்க்கு இந்த ராகம் என்ற பட்டியல், 'சர்வதேச அங்கீகாரம்' எல்லாம் கடைவிரித்துக் கிடக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், தூக்கத்துக்கு ஒரு ராகம் என்று மாத்திரைச் சீட்டு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதும் அதுவும் ஒன்றுதான். இன்னொரு பக்கம், மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் உத்தரவிட்டது. நோயாளியைத் தொடும் படிப்புகளில் அரசின் போக்கு எந்தப் பக்கம் என்பதற்கு இது அடையாளம். வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தை நம்பி இங்கே பேராசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்கள், சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பயிற்சியே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை, தொலைநிலையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்பதுதான். புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் என்றே ஒரு மையம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியை ஒட்டியது என்பதால் வார்டு பக்கத்திலேயே உண்டு. அதுபோன்ற இடத்தில் நேரடியாகப் படித்து, இரண்டு மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தை யோசிக்கலாம். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இருவருமே பணம் கட்டும் முன் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இதை முடித்தால் நான் வாரியத் தேர்வு எழுத முடியுமா, என் ஊரில் எனக்கு மேற்பார்வையாளர் யார் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நேரான பதில் வராத கல்லூரியில் சேர வேண்டாம்.